128 கிலோபைட்டுக்குள் எதை வைப்பது?



இன்று நான் பேச எடுத்துக்கொண்டது கடைகளில் இப்போது கிடைக்காத ஒரு கருவியைப் பற்றி. ஹியூலெட்-பேக்கார்டு நிறுவனம் 1993-இல் வெளியிட்ட எச்.பி. 48ஜிஎக்ஸ் என்ற வரைபடக் கால்குலேட்டர் அது. 2003-இல் அதன் உற்பத்தி நின்றுபோயிற்று. நம்மில் பலர் இதைக் கையில் எடுத்துப் பார்த்திருக்க மாட்டோம். நம் தேர்வு அறைகளில் நிரல் எழுதி வைக்கக்கூடிய கால்குலேட்டருக்கு அனுமதி கிடையாது என்பதால், மாணவப் பருவத்தில் இப்படி ஒன்றோடு பழகும் வாய்ப்பே நமக்கு அமையவில்லை. ஆனால் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஒரு தலைமுறைப் பொறியாளர்கள் இதை வைத்துத்தான் படித்தார்கள், வேலை பார்த்தார்கள். இன்றும் பழைய பொருள் விற்பவர்களிடம் தேடி வாங்குகிறார்கள். அப்படி வாங்கியவர் எவரும் முதலில் கேட்கிற கேள்வி, "இதில் எந்தெந்த லைப்ரரியைப் போடலாம்?" என்பதுதான். அந்தக் கேள்விக்கு என்னால் இயன்ற பதிலைச் சொல்கிறேன்.

முதலில் கருவி. ஆரிகன் மாநிலத்தில் கார்வாலிஸ் என்ற ஊரில் இருந்த எச்.பி. குழு இதை வடிவமைத்தது. 1990-இல் வந்த 48எஸ்எக்ஸ் இதன் மூத்தது. அதில் ரேம் 32 கிலோபைட். ஜிஎக்ஸில் 128 கிலோபைட். திரை அகலத்தில் 131 புள்ளி, உயரத்தில் 64 புள்ளி. உள்ளே ஓடுவது சாட்டர்ன் என்ற செயலி, வேகம் சுமார் 4 மெகாஹெர்ட்ஸ். மூன்று சிறிய பேட்டரியில் மாதக்கணக்கில் ஓடும்.

சாட்டர்ன் செயலியின் ஒரு குணத்தைத் தெரிந்துகொண்டால் பின்னால் வரும் பாதிக் குழப்பங்கள் தீர்ந்துவிடும். அது நினைவகத்தை பைட் கணக்கில் பார்ப்பதில்லை. அரை பைட், அதாவது நான்கு பிட் கணக்கில் பார்க்கிறது. முகவரிக்கு இருபது பிட். பெருக்கிப் பார்த்தால் செயலியின் கண்ணுக்கு எட்டும் மொத்த இடம் 512 கிலோபைட். ஆனால் ஜிஎக்ஸின் ரோம் மட்டுமே 512 கிலோபைட்! ரேமும் செருகு கார்டுகளும் எங்கே போவது? ஒன்றை மூடிக்கொண்டு இன்னொன்று அமர்கிறது. தேவைப்படும்போது மேலே இருப்பதை விலக்கி, கீழே இருப்பதைப் படித்துவிட்டு, மறுபடி மூடிவிடும். இந்த வித்தையால்தான் ஜிஎக்ஸின் இரண்டாவது செருகுவாயில் 4 மெகாபைட் வரையுள்ள கார்டைக்கூடப் போட முடிகிறது. அந்தக் கார்டு 128 கிலோபைட் துண்டுகளாகப் பிரிந்து, 2-ஆம் போர்ட் முதல் 33-ஆம் போர்ட் வரை எண் பெறுகிறது. முதல் செருகுவாயில் இருப்பது 1-ஆம் போர்ட். கால்குலேட்டரின் சொந்த ரேமிலிருந்து ஒதுக்கப்படும் இடம் 0-ஆம் போர்ட். எந்த லைப்ரரியை எந்தப் போர்ட்டில் வைப்பது என்ற பேச்சு வரும்போது இது கை கொடுக்கும்.

லைப்ரரி என்றால் என்ன? இந்தக் கருவியில் நிரல் எழுத ஆர்.பி.எல். என்ற மொழி இருக்கிறது. நீங்கள் எழுதும் நிரல் ஒரு பெயரோடு உங்கள் கோப்புறையில் இருக்கும். திறக்கலாம், திருத்தலாம், அழிக்கலாம். லைப்ரரி அப்படிப்பட்டதல்ல. பல கட்டளைகளை ஒன்றாகக் கட்டி, ஒரு எண்ணைக் கொடுத்து, போர்ட்டில் வைக்கும் தொகுப்பு அது. உள்ளே திறந்து திருத்த முடியாது. ஆனால் பொருத்தியதும் அதன் கட்டளைகள் சைன், காஸ் போலக் கருவியோடு பிறந்தவை என்று தோன்றும்படி எந்தக் கோப்புறையிலிருந்தும் வேலை செய்யும். வெளியிலிருந்து வந்த ஒருவரின் படைப்பை, கருவியைத் தயாரித்தவர்களின் படைப்புக்குச் சமமாக உட்கார வைக்கும் ஏற்பாடு இது. 1990-இல் ஒரு கால்குலேட்டரில் இதைச் செய்து கொடுத்தார்கள் என்பதை இப்போது நினைத்தாலும் எனக்கு மதிப்பு கூடுகிறது.

பொருத்தும் வேலையை ஒருமுறை அருகிலிருந்து பார்ப்போம். கணினியிலிருந்து கோப்பு வர வேண்டும். கெர்மிட் என்ற பரிமாற்ற முறையில், நொடிக்கு 9600 பிட் வேகத்தில், நான்கு ஊசி கொண்ட வயர் வழியாக வரும். கணினிப் பக்கம் பைனரி முறையில் அனுப்ப வேண்டும். உரைக் கோப்பு என்று நினைத்து அனுப்பிவிட்டால், கால்குலேட்டர் திரையில் "எச்பிஎச்பி48" என்று தொடங்கும் நீண்ட எழுத்துச் சரம் ஒன்று வந்து நிற்கும். அதைக் கண்டால் பதற வேண்டாம். முறையை மாற்றி மறுபடி அனுப்பினால் போதும். சரியாக வந்தால் அது ஒரு மாறியின் பெயரில் சேமிப்பாகியிருக்கும். அதை அடுக்குக்கு, அதாவது திரையில் மதிப்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும் இடத்துக்கு, அழையுங்கள். "லைப்ரரி" என்ற சொல்லும், ஒரு எண்ணும், தலைப்பும் திரையில் தெரியும். இப்போது அந்த மாறியை அழித்துவிடுங்கள். பலர் விட்டுவிடும் படி இதுதான். அழிக்காமல் போர்ட்டுக்கு அனுப்பினால் ஒரே லைப்ரரி இரண்டு பிரதிகளாக இடத்தை அடைத்துக்கொள்ளும். "நினைவகம் போதவில்லை" என்ற செய்தி வரும். லைப்ரரி பெரிது என்று பழி அதன்மேல் விழும். அழித்த பிறகு, போர்ட் எண்ணாகிய 0 என்று கொடுத்து, சேமிக்கும் விசையை அழுத்துங்கள். கருவியை அணைத்து மறுபடி போடுங்கள். ஒரு கணம் திரை துடித்து வரும். லைப்ரரிகளின் பட்டியலில் புதிய பெயர் சேர்ந்திருக்கும்.

இவ்வளவு எளிது என்பதால்தான் பலர் கண்டதையெல்லாம் ஏற்றிக்கொள்கிறார்கள். ஏற்றியதை எடுத்தால் என்ன ஆகும் என்று பார்த்தால்தான் தேர்வின் கனம் புரியும்.

ஒரு லைப்ரரியில் உள்ள கட்டளையை உங்கள் சொந்த நிரலில் பயன்படுத்துகிறீர்கள் என்று வையுங்கள். திரையில் நீங்கள் பார்ப்பது கட்டளையின் பெயர். ஆனால் கருவி அந்தப் பெயரைச் சேமிப்பதில்லை. லைப்ரரியின் எண், அதற்குள் கட்டளையின் வரிசை எண் என்று இரண்டு எண்களைத்தான் சேமிக்கிறது. லைப்ரரி இருக்கும்வரை அந்த எண்கள் பெயராக உங்களுக்குக் காட்டப்படும். லைப்ரரியை எடுத்துவிட்டு அதே நிரலைத் திறந்து பாருங்கள். பெயர் இருந்த இடத்தில் "எக்ஸ்லிப்" என்ற சொல்லும் இரண்டு எண்களும் நிற்கும். ஓட்டினால் அந்தப் பெயருக்கு வரையறை இல்லை என்று பிழைச் செய்தி வரும். நிரலில் நீங்கள் என்ன எழுதியிருந்தீர்கள் என்பதை அந்த எண்களைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. லைப்ரரியின் அடுத்த பதிப்பில் கட்டளைகளின் வரிசையை ஆசிரியர் மாற்றியிருந்தால் இன்னும் மோசம்: பிழைச் செய்தியே வராது, வேறொரு கட்டளை ஓடும்.

அதேபோல, ஒரு லைப்ரரி பொருத்தப்பட்டதும் அதன் கட்டளைப் பெயர்கள் அனைத்தும் அதற்கே சொந்தமாகிவிடும். அந்தப் பெயரில் நீங்கள் ஒரு மாறியை உருவாக்க முடியாது. இரண்டு எழுத்து, மூன்று எழுத்துப் பெயர்களாக ஐம்பது கட்டளை வைத்திருக்கும் லைப்ரரி, நீங்கள் இயல்பாக வைக்கக்கூடிய பெயர்களில் பாதியை எடுத்துக்கொண்டுவிடும். ஒரே எண்ணை வைத்துக்கொண்டு இரண்டு லைப்ரரி வந்தால் இரண்டும் சேர்ந்து வாழாது. இந்த எண் மோதல் பழைய கதை. 1979-இல் வந்த எச்.பி. 41சி கருவியின் செருகு மாட்யூல்களுக்கும் 1 முதல் 31 வரை எண்கள் இருந்தன, அங்கும் இதே தகராறு உண்டு.

எனவே என் முதல் அளவுகோல் இது: உங்கள் சொந்த நிரல்கள் எந்த லைப்ரரியை நம்பி நிற்கலாம் என்று முடிவு செய்யுங்கள். அந்த லைப்ரரியை மட்டும் நிரந்தரமாக வையுங்கள். மற்றவை வேலைக்கு வந்து, வேலை முடிந்ததும் போகட்டும்.

இப்போது பெயர் சொல்லிப் பேசலாம். ஜிஎக்ஸின் பெரிய குறை இயற்கணிதம். எக்ஸ் வர்க்கத்தில் ஒன்றைக் கழித்து, அதை எக்ஸ் கழித்தல் ஒன்றால் வகுக்கச் சொல்லுங்கள். எக்ஸ் கூட்டல் ஒன்று என்று பள்ளிப் பிள்ளை சொல்லிவிடும். ஜிஎக்ஸில் உள்ள சுருக்கும் கட்டளை சொல்லாது. இரண்டு பல்லுறுப்புக் கோவைகளுக்குப் பொதுக் காரணி காணும் வழி அதற்குத் தெரியாது. அணிகளில் எண்களை வைக்கலாம், எழுத்துகளை வைக்க முடியாது. இந்தக் குறையைத் தீர்க்க இரண்டு லைப்ரரிகள் வந்தன. கிளோட்-நிக்கோலா ஃபீக்ட்டரும் பின்லாந்தின் மிக்கா ஹெய்ஸ்கானெனும் எழுதிய ஏ.எல்.ஜி.48 ஒன்று. பிரான்சில் கிரெனோபிள் பல்கலைக்கழகக் கணிதவியலாளர் பெர்னார் பாரிஸ் எழுதிய எராபிள் மற்றொன்று. இரண்டும் காசு கேட்காமல் பகிரப்பட்டவை.

ஏ.எல்.ஜி.48 வேகத்துக்குப் பெயர் பெற்றது. பின்னக் கோவைகளைச் சுருக்கும், காரணிப்படுத்தும், எழுத்துகள் கலந்த அணிகளைக் கையாளும், பல்லுறுப்புச் சமன்பாட்டுத் தொகுதிகளுக்கு குரோப்னர் அடிப்படை கூடக் கண்டு சொல்லும். 4 மெகாஹெர்ட்ஸ் செயலியில் இதைச் செய்தார்கள் என்பது சாதாரண விஷயமில்லை. எராபிள் இன்னும் அகலமானது. தொகையிடல், வகைக்கெழுச் சமன்பாடு, நேரியல் இயற்கணிதம் என்று ஒரு முழுக் கணிதப் பாடத்திட்டத்தை உள்ளே வைத்திருக்கிறது. எதைப் போடுவது? படிப்பவர் எராபிளைப் போடட்டும். கணக்குப் போட்டு வேலை பார்ப்பவருக்கு ஏ.எல்.ஜி.48 போதும்; கட்டளைகள் குறைவு, ஒவ்வொன்றும் என்ன செய்யும் என்று தெளிவாகத் தெரியும், விடை உடனே வரும். இரண்டையும் சேர்த்து வைக்கலாம், ஒன்றோடொன்று ஒத்துப்போகும். ஆனால் கார்டு இல்லாத கருவியில் இரண்டும் ஏறினால் உங்கள் சொந்த வேலைக்கு மிஞ்சும் இடத்தை எண்ணிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த இரண்டும் எவ்வளவு தரமானவை என்பதற்கு வரலாறே சாட்சி. 1999-இல் வந்த எச்.பி. 49ஜி கருவியின் இயற்கணிதப் பகுதி இவற்றின் அடிப்படையில்தான் அமைந்தது. பாரிஸ் பின்னாளில் எழுதிய ஜியாக் என்ற கணித அமைப்பு 2013-இல் வந்த எச்.பி. பிரைம் கருவிக்குள் இருக்கிறது. ஆர்வலர்கள் கூடுதலாக எழுதிச் சேர்த்தது, அடுத்த தலைமுறைக் கருவியின் உடம்பாகவே ஆகிவிட்டது.

மெட்டாகெர்னல் என்ற லைப்ரரிக்கும் அதே கதைதான். சிரில் ட பிரெபிசோன், ழான்-இவ் அவெனார் உள்ளிட்ட பிரெஞ்சு இளைஞர்கள் எழுதியது. எடிட்டர், சமன்பாடு எழுதும் திரை, அடுக்கு காட்டும் முறை எல்லாவற்றையும் மாற்றி, மந்தமாக இருந்த கருவியைச் சுறுசுறுப்பாக்கிவிடும். 49ஜியின் முகமே இதிலிருந்து பிறந்தது. ஆனாலும் பழைய 48ஜிஎக்ஸ் வாங்கியவுடன் இதைப் போடாதீர்கள் என்பேன். தனியாக ஒரு கார்டையே கேட்கும். அதைவிட முக்கியம், கருவியின் இயல்பான நடத்தை எது, மெட்டாகெர்னலின் நடத்தை எது என்று பிரித்தறியும் பழக்கம் உங்களுக்கு வந்திருக்காது. கையேட்டில் ஒன்று இருக்கும், திரையில் வேறொன்று நடக்கும். ஆறு மாதம் கருவியை அதன் இயல்பில் பழகுங்கள். அதன் பிறகும் வேண்டும் என்றால் போடுங்கள்.

அடுக்கை அழகாகக் காட்டும் ஜாவா என்ற லைப்ரரிக்கும் இதே ஆலோசனைதான். கணினியில் உள்ள ஜாவா மொழிக்கும் இதற்கும் தொடர்பில்லை. சிறிய எழுத்துரு தரும் யு.எஃப்.எல். போன்ற துணை லைப்ரரிகளும் உண்டு. அவை தனியாக எந்தப் பயனும் தராது, வேறு லைப்ரரிகள் அவற்றைத் தேடும். ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் முன், அது வேறு எதை நம்பி நிற்கிறது என்று அதன் குறிப்புக் கோப்பில் படித்துவிடுங்கள். கருவியின் சொந்தக் கட்டளைகள் எழுதப்பட்ட உள்மொழியில் நிரல் எழுத ஆசைப்படுபவருக்கு ஹெய்ஸ்கானெனின் ஜாஸ் இருக்கிறது. மற்றவருக்கு அது வேண்டியதில்லை. விளையாட்டுகள் எக்கச்சக்கம், அவற்றுக்கு என் ஆலோசனை தேவைப்படாது.

குறிப்புக் கோப்பு என்றேன். என் இரண்டாவது அளவுகோல் அதுதான். ஒரு லைப்ரரியின் தரத்தை அதன் கட்டளைப் பட்டியலால் அளக்காதீர்கள். கூட வரும் குறிப்பால் அளந்து பாருங்கள். எந்தக் கருவிக்கு, எந்த ரோம் பதிப்புக்கு, எந்தப் போர்ட்டுக்கு, எத்தனை பைட், சரிபார்ப்பு எண் என்ன, எப்படி நீக்குவது. இவை எழுதப்பட்டிருந்தால் அந்த ஆசிரியர் உங்கள் கருவியை மதிக்கிறார் என்று பொருள்.

இந்தக் கண்டிப்புக்குக் காரணம் உண்டு. கருவியோடு வந்த கட்டளைகள், நீங்கள் கொடுக்கும் உள்ளீடு சரியான வகையா என்று முதலில் பார்த்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்கும். உள்மொழியிலும் இயந்திர மொழியிலும் எழுதப்படும் லைப்ரரிகளுக்கு அந்தக் காவல் தானாக அமையாது. ஆசிரியர் எழுதினால்தான் உண்டு. எழுதாமல் விட்டால், எண் கேட்கும் இடத்தில் நீங்கள் பட்டியலைக் கொடுத்த கணமே கருவி உறைந்துபோகலாம். ஆன் விசையோடு மேல் வரிசையின் மூன்றாவது விசையைச் சேர்த்து அழுத்தினால் பெரும்பாலும் மீளும். அடுக்கில் இருந்தவை போய்விடும். அதற்கும் மசியாவிட்டால், நினைவகத்தை மீட்க முயலட்டுமா என்று கேட்கும் திரை வரும். அந்தத் திரையைப் பார்த்தவர்களுக்கு அதன் பயம் தெரியும். ஆம் என்று சொன்னாலும் எல்லாம் திரும்பும் என்று உறுதியில்லை.

எஸ்எக்ஸுக்கு எழுதப்பட்டவற்றை ஜிஎக்ஸில் போடலாமா? எச்.பி. நிறுவனம் ரோமில் உள்ள சில முகவரிகளை மாற்றமாட்டோம் என்று உறுதி கொடுத்து வெளியிட்டது. அவற்றை மட்டும் பயன்படுத்திய லைப்ரரிகள் இரண்டிலும் ஓடும். குறுக்கு வழியாக வேறு முகவரிகளுக்குத் தாவியவை, எஸ்எக்ஸில் பொன்னாக ஓடினாலும் ஜிஎக்ஸில் நினைவகத்தைத் துடைத்துவிடலாம். குறிப்பில் ஜிஎக்ஸ் என்ற பெயர் இல்லையென்றால் தொடாதீர்கள்.

போர்ட் விஷயமும் இங்கே வருகிறது. முன்பு சொன்ன மூடல் வித்தையால், 2-ஆம் போர்ட்டிலும் அதற்கு மேலும் இருக்கும் லைப்ரரியின் நிரல் செயலியின் கண்ணுக்கு எப்போதும் தெரிந்துகொண்டிருக்காது. இதை உணர்ந்து எழுதப்பட்டவை எங்கும் ஓடும். உணராமல் எழுதப்பட்டவை 0 அல்லது 1-ஆம் போர்ட்டில் மட்டுமே ஓடும். ஆகவே 1-ஆம் போர்ட் விலை உயர்ந்த இடம். அதில் எதை வைப்பது என்று யோசித்து முடிவு செய்யுங்கள். முதல் கார்டை ரேமோடு இணைத்து 256 கிலோபைட்டாக்கும் வசதியும் உண்டு. இணைத்த கார்டை முறையாகப் பிரிக்காமல் உருவக் கூடாது. ரேம் கார்டுகளுக்குள் நாணய வடிவில் தனி பேட்டரி இருக்கிறது. கார்டு உள்ளே இருக்க, கருவி ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் அதை மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே இருப்பது போய்விடும். பழைய கருவி வாங்குபவர்கள் இந்த பேட்டரியின் வயதை எண்ணிப் பார்ப்பதே இல்லை.

நில அளவையாளர்களைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. கார்வாலிஸிலேயே இருந்த டிரைபாட் டேட்டா சிஸ்டம்ஸ் என்ற நிறுவனம், அளவைக் கணக்குகளுக்கான கார்டுகளை 48-க்குச் செய்து விற்றது. அமெரிக்க அளவையாளர்கள் டோட்டல் ஸ்டேஷன் என்ற அளவைக் கருவியோடு 48ஜிஎக்ஸை இணைத்து, வயலில் நின்றபடியே அளவுகளைப் பதிவு செய்தார்கள். வெயிலும் மழையும் தூசியுமாக நடக்கும் வேலை அது. அங்கே கருவி உறைந்தால் ஒரு நாள் அளவை வீண். அவர்கள் கருவியில் அந்தக் கார்டைத் தவிர வேறு லைப்ரரி வைக்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. அந்த ரோம் கார்டுக்குள் பேட்டரி கிடையாது, தீர்ந்துபோகவும் ஒன்றுமில்லை. ஒரு தொழிலுக்கு ஒரு கார்டு என்ற அந்தத் தெளிவைத்தான் இந்தக் கருவியின் மிகச் சிறந்த பயன்பாடு என்று நான் கருதுகிறேன்.

கடைசியாகச் செயலுக்கு வருகிறேன். இன்று நமக்கு முன்பு இல்லாத ஒரு வசதி இருக்கிறது. எமு48 என்ற மென்பொருள் கணினியிலேயே 48ஜிஎக்ஸை அப்படியே ஓட்டிக் காட்டும். புதிய லைப்ரரியை முதலில் அங்கே போட்டுப் பாருங்கள். வேண்டுமென்றே தவறான உள்ளீடு கொடுங்கள். நீக்கிப் பாருங்கள். உங்கள் நிரல்கள் பிழைத்திருக்கின்றனவா என்று திறந்து பாருங்கள். ஒரு வாரம் தாக்குப்பிடித்தால் உண்மைக் கருவிக்குக் கொண்டுபோங்கள்.

போகும் முன் பிரதி எடுங்கள். கருவியில் உள்ள ஆர்க்கைவ் கட்டளை உங்கள் கோப்புறைகளையும் நிரல்களையும் முழுதாகக் கணினிக்கு அனுப்பிவிடும். ஆனால் போர்ட்டுகளில் இருக்கும் லைப்ரரிகளை அது எடுத்துக்கொள்ளாது. அவற்றின் மூலக் கோப்புகளை, பதிப்பு எண்ணோடும் குறிப்போடும், தனியாக ஒரு கோப்புறையில் சேர்த்து வையுங்கள். எந்தப் போர்ட்டில் எது என்று ஒரு தாளில் எழுதிக் கருவியின் உறைக்குள் வையுங்கள்.

கேள்விகள் இருந்தால் கேட்கலாம். 48 வைத்திருப்பவர்கள் யாராவது கொண்டுவந்திருந்தால் மேசைக்கு வாருங்கள், சேர்ந்து பார்ப்போம்.